அலைவரிசையும் அதிகாரமும்: இலண்டன் தீயணைப்புத் தொடர்பாடலின் வரலாறு குறித்துச் சில அவதானிப்புகள்

1

தொழினுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மணிக்குப் பின் தந்தி, தந்திக்குப் பின் தொலைபேசி, தொலைபேசிக்குப் பின் வானொலி எனக் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அவ்வரிசையையே முன்னேற்றம் எனக் கொள்ளும் நோக்கு அது. அந்நோக்கில், ஒரு கருவி பயன்தரத் தவறும்போது அதற்கான காரணமும் கருவிக்குள்ளேயே தேடப்படுகிறது. கருவியை யார் வாங்கினர், யாரிடம் கொடுத்தனர், அதன் வழியே பேசவும் கேட்கவும் யார் உரிமை பெற்றனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

தீ நிகழ்விடத்தில் தீயணைப்பாளர் கையாளும் வானொலி அலைவரிசைகளை நாம் இக்கட்டுரையின் பொருளாகக் கொள்கிறோம். இலக்கிய ஆய்வாளருக்கு இப்பொருளோடு என்ன தொடர்பு என வினவப்படலாம். மொழி, சமூக உறவுகளினுள்ளே பிறந்து இயங்குவது என்பதை 1929இல் வொலோஷினொவ் நிறுவ முயன்றார். வானொலி ஒருவர் பேசப் பலர் கேட்கும் சாதனமாக அமைந்துவிட்டதையும், கேட்போரும் பேசக்கூடிய சாதனமாக அதனை மாற்றவேண்டியதன் அவசியத்தையும் 1932இல் பிரெக்ட் வலியுறுத்தினார். தொழினுட்பமே சமூகத்தை நிர்ணயிக்கிறது என்னும் கருத்தை 1974இல் றேமண்ட் வில்லியம்ஸ் தொலைக்காட்சியை முன்வைத்து மறுத்துரைத்தார். இம்மூவர் எழுப்பிய பிரச்சினைகளும் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடங்களுள் ஒன்று எரியும் கட்டடம். அங்கே ஒரு கூற்று உரியவரைச் சென்றடைதலும் அடையாமையும் உயிர் பற்றிய வினாவாகிவிடுகின்றன.

இலண்டன் நகரை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அங்கு 1987, 2005, 2017 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று பேரழிவுகளிலும் தீயணைப்பாளரின் வானொலித் தொடர்பு முறிந்தது. மூன்றும் பகிரங்கமாக விசாரிக்கப்பட்டமையால் அவற்றுக்கு விரிவான ஆவணங்களும் உள்ளன.

2

முதற்கண் அலைவரிசை என்பது யாது என்பதைச் சுருக்கமாகத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். தீயணைப்புப் படையின் வானொலித் தொடர்பு இரண்டு அடுக்குகளைக் கொண்டது. தீயணைப்பு வாகனங்களையும் கட்டுப்பாட்டறையையும் இணைப்பது முதலாவது. இது கோபுரங்களையும் நிலையான வலையமைப்பையும் சார்ந்தது. நிகழ்விடத்தில் நிற்கும் தீயணைப்பாளர் தமக்குள் பேசிக்கொள்வதற்கான கைக்கருவிகள் இரண்டாவது அடுக்கு. இவை கோபுரம் எதனையும் நாடாது கருவியிலிருந்து கருவிக்கு நேரே அலையை அனுப்புகின்றன. பிரித்தானியாவில் இவற்றுக்கென 457 மெகாஹேட்ஸ் அளவிலான மீடிறனை ஒட்டிச் சில தடங்கள் ஒதுக்கப்பட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிடப்பட்டன.

இவ்வொழுங்கின் அடிப்படை விதி, ஒரு தடத்தில் ஒரு வேளையில் ஒருவரே பேசலாம் என்பதாகும். ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஏனையோர் கேட்போராகின்றனர். இருவர் ஒருங்கே அழுத்தினால் இருவர் பேச்சும் சிதைகிறது. எனவே பேச்சு சுருங்குகிறது. சூத்திரத் தன்மை பெறுகிறது. கூடுதல் உதவி வேண்டும் இலண்டன் அதிகாரி நிலைமையை விரித்துரைப்பதில்லை. பம்பு வண்டிகளை இத்தனையாக்குக என ஓர் எண்ணை மட்டும் சொல்கிறார். அவ்வெண்ணிலிருந்தே தீயின் பருமனைக் கேட்போர் உணர்ந்துகொள்கின்றனர். தொழிலின் நெருக்கடியிலிருந்து பிறந்த ஒரு மொழிவழக்கு இது.

அலை சடப்பொருளின் விதிகளுக்கு உட்பட்டது என்பதும் மறக்கற்பாலதன்று. கொன்கிரீற்றும் உருக்கும் அலையை உறிஞ்சுகின்றன. மண்ணுக்குக் கீழே அது விரைவில் தேய்கிறது. கருவியின் வலு கூடினால் அலை கூடுதலாக ஊடுருவும். ஆயினும் எரிவாயு சூழ்ந்த இடத்தில் கருவியே தீப்பொறியை உண்டாக்கிவிடலாம் என்னும் அச்சத்தால், மூச்சுக்கருவி அணிந்து உட்செல்வோருக்கு வலுக்குறைந்த கருவிகளே வழங்கப்பட்டு வந்தன. ஆகவே, கட்டடத்தினுள்ளே மிக ஆழமாகச் செல்லும் தொழிலாளியின் கையில் மிக வலுக்குறைந்த குரல் இருந்தது.

அலைவெளி அரசின் ஆட்சிக்குட்பட்டது என்பது இன்னொரு செய்தி. 1904ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் முதலாகப் பிரித்தானியாவில் உரிமமின்றி அலையை வெளியிடல் குற்றமாயிற்று. நிலம், நீர் போன்று எவராலும் உற்பத்தி செய்யப்படாத இவ்வளம், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் விலைபேசப்படும் பண்டமாகியது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் மூன்றாந் தலைமுறைக் கைத்தொலைபேசிக்கான ஐந்து உரிமங்களை ஏலமிட்டுப் பிரித்தானிய அரசு ஏறத்தாழ 2,250 கோடி பவுண் பெற்றது. மார்க்ஸ் நிலவாடகை பற்றிக் கூறியவை வானத்துக்கும் பொருந்துமாறு காலம் மாறிவிட்டது.

3

வானொலிக்கு முந்திய நிலையைச் சிறிது நோக்குவோம். 1880 முதல் இலண்டன் வீதிகளில் தீ அறிவிப்புக் கம்பங்கள் நாட்டப்பட்டன. கண்ணாடியை உடைத்துப் பிடியை இழுத்தால் தீயணைப்பு நிலையத்தில் சமிக்ஞை எழும். அச்சமிக்ஞை இடத்தை மட்டுமே உணர்த்தியது. தொலைபேசி பரவியதும் பேசி அறிவிக்க முடிந்தது. ஆனால் அதற்குப் பரிவர்த்தனை நிலையத்தின் வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

1935 நவம்பர் 10இல் விம்போல் வீதியில் மருத்துவர் ஒருவரின் இல்லம் தீப்பற்றி ஐந்து பெண்கள் மாண்டனர். தீயைக் கண்டு தொலைபேசியில் அழைத்த அயலவர், பரிவர்த்தனை நிலையம் பதிலளிக்காது வரிசையில் காக்க நேர்ந்தமையைக் கண்டித்து ‘த டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடைபெற்றது; குழு அமைக்கப்பட்டது. 1937 யூன் 30இல், அதாவது இருபது மாதங்களுக்குள், 999 என்னும் அவசர அழைப்பெண் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. ஏனைய அழைப்புகளிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டச் செவ்விளக்கும் ஒலியும் ஏற்படுத்தப்பட்டன.

இச்சம்பவம் இரு வகையில் முக்கியமானது. அவசரப் பேச்சுக்குத் தனித் தடம் வேண்டும் என்னும் கோட்பாட்டை அரசு ஏற்றுக்கொண்டமை ஒன்று. விம்போல் வீதி மருத்துவர் வாழ்ந்த செல்வ வீதி என்பதும், அங்கிருந்து எழுந்த குரல் ஆளும் வர்க்கத்தின் பத்திரிகையில் அச்சேறக்கூடிய குரலாக இருந்ததும் மற்றையது. கடிதம் மட்டுமே 999ஐப் படைத்தது என நாம் வாதிடவில்லை. கேட்கப்படும் குரல் எது என்பதில் சமூக நிலைக்குப் பங்குண்டு என்பதே நாம் சுட்டுவது.

இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சினால் தொலைபேசிக் கம்பிகள் அறுந்த வேளைகளில், பதின்பருவ இளைஞர் துவிச்சக்கர வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் எரியும் வீதிகளூடே செய்தி சுமந்தனர். இயந்திரம் ஓய்ந்த இடத்தில் மனித உழைப்பு அதன் வேலையை ஏற்றது. போருக்குப் பின்னர் வானொலி பரவலானதும் தூதரின் காலம் முடிந்துவிட்டதாகவே தோன்றியது.

4

1987 நவம்பர் 18 மாலை, கிங்ஸ் குரொஸ் நிலக்கீழ் புகையிரத நிலையத்தின் மரத்தாலான நகரும் படிக்கட்டில் தீ தோன்றியது. சில நிமிடங்களில் அது பயணச்சீட்டு மண்டபத்துள் திடீரெனப் பாய்ந்தது. 31 பேர் இறந்தனர். முதலில் வந்த தீயணைப்பு அணியின் தலைவர் கொலின் ரவுன்ஸ்லி அவர்களுள் ஒருவர். நிலத்தின் கீழே இருந்த தீயணைப்பாளருக்கும் மேலே நின்றோருக்கும் இடையே வானொலித் தொடர்பு இயலாமற் போயிற்று. டெஸ்மண்ட் ஃபெனெல் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 1988 நவம்பரில் வெளிவந்தது. அவசர சேவையாளர் நிலக்கீழ்த் தளங்களிலிருந்து தொடர்புகொள்ள வழி செய்யப்பட வேண்டும் என்பது அவ்விசாரணையிலிருந்து பெற்ற பாடங்களுள் ஒன்று.

2005 யூலை 7இல் மூன்று நிலக்கீழ்ப் புகையிரதங்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் கொல்லப்பட்டபோது, தீயணைப்பாளரின் கருவிகள் மீண்டும் நிலத்தடியில் மௌனித்தன. செய்தியைக் கால்நடையாக எடுத்துச்செல்லும் தூதரை அவர்கள் நாடவேண்டியதாயிற்று. புகையிரதப் போக்குவரத்துப் பொலிசாரின் வானொலி மட்டும் நிலக்கீழே இயங்கியது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அதாவது, மண்ணின் ஆழமோ அலையின் இயல்போ கடக்கவியலாத தடையாக இருக்கவில்லை. ஒரு சேவைக்குச் செய்யப்பட்டது மற்றொன்றுக்குச் செய்யப்படவில்லை. இலண்டன் பேரவையின் மீளாய்வுக் குழு 2006 யூனில் இதனைக் கடுமையாக விமர்சித்தது. அதன் பின்னரே பொது வலையமைப்பு நிலக்கீழ் நிலையங்களுள் விரிக்கப்பட்டது. விம்போல் வீதிக்கு இருபது மாதங்கள் போதுமாயிருந்தன. கிங்ஸ் குரொஸ் பாடத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

5

இவ்விடத்தில் ஒப்பீட்டின் பொருட்டு நியூயோர்க்கைச் சிறிது நோக்குதல் பயனுடையது. 1993 பெப்ரவரியில் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்தபோது, உருக்கும் கொன்கிரீற்றுமான மாடிகளை அலைகள் ஊடுருவவில்லை; பல அணிகள் ஒரே தடத்தில் பேச முயன்றமையால் பேச்சும் விளங்கவில்லை. இதனையடுத்துக் கோபுரங்களில் அலையைப் பெற்று வலுவூட்டி மீள அனுப்பும் கருவி பொருத்தப்பட்டது. 2001 செப்டெம்பர் 11 காலை அக்கருவி இயக்கப்பட்டது. எனினும் வரவேற்பு மண்டபத்திலிருந்த தலைமைக் கைபேசியை இயக்குவதற்கான இரண்டாவது பொத்தான் அழுத்தப்படவில்லை. வடகோபுரத்தில் நின்ற அதிகாரிகள் அதனைச் சோதித்து, தடம் பழுதெனக் கருதிக் கைவிட்டனர். அதே தடத்தைத் தென்கோபுரத்தில் பயன்படுத்திய அணித்தலைவர் ஓரியோ பாமர், 78ஆம் மாடிவரை ஏறிச்சென்று கீழே செய்தி அனுப்பினார்.

தென்கோபுரம் 9.59க்கு வீழ்ந்தது. வடகோபுரமும் நீண்டநேரம் நில்லாது எனப் பொலிஸ் ஹெலிகொப்டரிலிருந்து பொலிஸ் வானொலியில் எச்சரிக்கை எழுந்தது. தீயணைப்புத் தலைவர்கள் வேறு வலையில் இருந்தனர். அவ்வெச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. 10.28க்கு வடகோபுரமும் வீழ்ந்தது. அன்று மாண்ட நியூயோர்க் தீயணைப்புப் படையினர் 343 பேர்.

இதனை விசாரித்த ஆணைக்குழுவின் ஒரு முடிவு நமது ஆய்வுக்கு இன்றியமையாதது. வானொலியின் தொழினுட்பக் கோளாறு பங்களித்த ஒரு காரணியே. வடகோபுரத்தில் மாண்ட தீயணைப்பாளரின் சாவுக்கு அது முதன்மைக் காரணமன்று என அது கண்டது. வெளியேறும் கட்டளை பல அணிகளை எட்டியிருந்தது. ஆனால் மற்றைக் கோபுரம் வீழ்ந்துவிட்டது என்னும் செய்தி பலரை எட்டவில்லை. அதனால் விரைவின் அவசியத்தை அவர்கள் உணரவில்லை. விடுமுறையிலிருந்து ஓடிவந்த சிலரிடம் கருவியே இல்லை. சிலர் வேறு தடத்தில் இருந்தனர். இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், கட்டளை வேறு, அறிவு வேறு என்பதாகும். மேலிருந்து கட்டளை மட்டும் பாயும் அலைவரிசை, தொழில் புரிபவனுக்குத் தனது நிலைமையை அறிந்து முடிவெடுக்கும் ஆற்றலை அளிப்பதில்லை. பிரெக்ட் சுட்டிய குறைபாட்டின் உயிர்க்கொல்லி வடிவம் இதுவெனலாம்.

6

2017 யூன் 14 அதிகாலை இலண்டனின் கென்சிங்டன் பகுதியில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தது. 24 மாடிகளும் ஒரே படிக்கட்டும் கொண்ட அத்தொடர்மாடி, உள்ளூராட்சி மன்றத்துக்குரிய பொது வீடமைப்பாகும். நகரின் மிகச் செல்வம் படைத்த உள்ளூராட்சிப் பிரிவொன்றில், உழைக்கும் மக்களும் குடிபெயர்ந்து வந்தோரும் மிகுதியாக வாழ்ந்த கட்டடம் அது. சுவரின் வெளிப்புறத்தில் ஒட்டப்பட்ட எரியக்கூடிய பலகைகள் வழியே தீ மேலேறியது. 72 பேர் உயிரிழந்தனர்.

அன்றிரவு தகவல் பயணித்த பாதையை நுணுகி நோக்க வேண்டும். புகை சூழ்ந்த வீடுகளிலிருந்து மக்கள் 999ஐ அழைத்து, எந்த மாடியில் எத்தனைபேர் உள்ளோம் எனக் கூறினர். அழைப்புகள் மிகுந்தமையால் பல, பிற பிரதேசக் கட்டுப்பாட்டறைகளுக்குச் சென்றன. கட்டுப்பாட்டறையிலிருந்து அத்தகவல் நிகழ்விடத்தில் நின்ற கட்டளை வாகனத்தை அடைந்தது. அங்கே காகிதத் துண்டுகளில் எழுதப்பட்டது. தூதர் அத்துண்டுகளைக் கட்டடத்தினுள் அமைந்த முன்னணித் தளத்துக்கு எடுத்துச் சென்றனர். அங்கே சுவர்களில் எழுதப்பட்டது. அதன் பின்னரே மூச்சுக்கருவி அணிந்த அணிகள் மேலே ஏறின. மேலே சென்றோர் கண்டதைக் கீழே சொல்லும் தடமோ நெரிசலுற்று, கொன்கிரீற்றினால் நலிந்து, அடிக்கடி அறுந்தது. எந்த வீட்டினர் மீட்கப்பட்டனர், எவர் இன்னும் உள்ளே உள்ளனர் என்பது கட்டுப்பாட்டறைக்குத் திரும்பிச் செல்லும் உறுதியான வழி இருக்கவில்லை.

இதன் விளைவு கொடியது. தொலைபேசியில் மக்களுடன் பேசிய பணியாளர் கோபுரத்தைக் காணவில்லை. கோபுரத்தைக் கண்டோர் மக்களின் குரலைக் கேட்கவில்லை. காண்பதும் கேட்பதும் இவ்வாறு பிரிந்து நிற்க, வீட்டினுள்ளேயே இருங்கள் என்னும் அறிவுரை அதிகாலை 2.47வரை முறையாக மீளப்பெறப்படவில்லை. 1.30க்கும் 1.50க்கும் இடையிலேயே வெளியேற்றம் தொடங்கப்பட்டிருக்க வேண்டும் என 2019 ஒக்டோபரில் வெளிவந்த விசாரணையின் முதலாம் கட்ட அறிக்கை கூறியது. இத்தாமதம் முழுவதையும் வானொலியின்மேல் ஏற்றிவிடுதல் பொருந்தாது. அறிவுரையை மாற்றுவதற்கான பயிற்சியும் திட்டமும் இல்லாமை அதன் ஆழ்ந்த காரணம். ஆயினும் அலைவரிசையின் அமைப்பு அவ்விறுகிய நிலையைத் தகர்ப்பதற்கு உதவவில்லை.

கட்டுப்பாட்டறைக்கும் முன்னணித் தளத்துக்கும் இடையே நேரடி இணைப்பு வேண்டுமென முதலாம் கட்ட அறிக்கை பரிந்துரைத்தது. 2024 செப்டெம்பரில் வெளியான இரண்டாம் கட்ட அறிக்கை, வலுக்குறைந்த கருவிகளை எரிவாயு ஆபத்து மெய்யாக உள்ள இடங்களுக்கு மட்டும் ஒதுக்கி, பொதுவாக, குறிப்பாக உயர்மாடிகளில், வலுமிக்க கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிச் சிந்திக்குமாறு தீயணைப்புச் சேவைகளைக் கேட்டுக்கொண்டது. அரிதாக நேரும் ஓர் ஆபத்துக்கென வகுக்கப்பட்ட ஏற்பாடு, அன்றாடம் நேரும் ஆபத்தில் தொழிலாளியின் குரலை நலிவித்து வந்தது என்பதை இப்பரிந்துரை மறைமுகமாக ஏற்றுக்கொள்கிறது.

7

இனி, இதன் பொருளியல் அடித்தளம். வாகனங்களையும் கட்டுப்பாட்டறைகளையும் இணைக்கும் முதலாம் அடுக்கு, 2000ஆம் ஆண்டில் பொலிஸ் சேவைக்கெனக் கைச்சாத்திடப்பட்ட ஒப்பந்தத்தின் மூலம் ‘ஏயர்வேவ்’ என்னும் தனியார் வலையமைப்பாக உருவாயிற்று. தீயணைப்புச் சேவைகள் 2006இன் ஒப்பந்தத்தால் அதனுள் வந்தன. 2007இல் அது மக்குவாரி என்னும் நிதிக்குழுமத்தின் கைக்கும், 2016இல் மோட்டரோலா கம்பனியின் கைக்கும் மாறியது. ஏயர்வேவுக்கு மாற்றாக அமையவிருந்த புதிய வலையமைப்பிலும் 2015இல் இதே கம்பனி ஒப்பந்தகாரராயிற்று, 2022இல் விலகியது. புதியது தாமதிக்கும்வரை பழையது வருமானம் தரும். போட்டி, சந்தைகள் அதிகாரசபை 2023 ஏப்ரலில் அளித்த முடிவின்படி, போட்டி நிலவும் சந்தையொன்றில் பெறக்கூடியதைவிட ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 கோடி பவுண் கூடுதலாக ஏயர்வேவுக்குச் செலுத்தப்பட்டு வந்தது. அதன்பின் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

முதலாளித்துவ அரசின் நிறுவனமொன்றே கண்டறிந்த உண்மை இது. இதற்கு நாம் வழங்கக்கூடிய பெயர் வாடகை என்பதாகும். இன்னொரு புறத்தில், 2014 ஜனவரியில் செலவுக் குறைப்பின் பேரால் இலண்டனில் பத்துத் தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிரென்ஃபெல்லில் முறிந்தது ஏயர்வேவ் அன்று, இரண்டாம் அடுக்கின் கைக்கருவித் தொடர்பே என்பதை இங்கு வேறுபடுத்திக் கூறுதல் நேர்மையாகும். ஆனால் இவ்வேறுபாடே நமது வாதத்துக்கு வலுவூட்டுகிறது. இலாபம் ஈட்டவல்ல பெரும் வலையமைப்பில் மூலதனம் குவிகிறது. படிக்கட்டின் கீழ் நிற்பவருக்கும் மேல் நிற்பவருக்கும் இடையிலான சில பத்து மீற்றர் தூரத்தில் ஈட்டக்கூடிய வாடகை எதுவுமில்லை. அவ்வெளி தொழிலாளியின் கால்களுக்கு விடப்பட்டது.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிபுகளுக்கு வரலாம்.

முதலாவது, அலைவரிசை என்பது மீடிறன் மட்டுமன்று. அது ஒரு சமூக உறவு. யார் யாருடன் பேசலாம், யார் முதலில் பேசலாம், எவர் பேச்சு கட்டளையாகவும் எவர் பேச்சு வெறும் தகவலாகவும் கொள்ளப்படும் என்பன அதனுள் முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளன.

இரண்டாவது, தூதர் மீண்டும் மீண்டும் தோன்றுவது தற்செயலன்று. 1940இல் அவர் போரின் விளைவு. 2005இலும் 2017இலும் அவர், உற்பத்திச் சக்திகள் அடைந்த வளர்ச்சிக்கும் அவற்றைப் பங்கிடும் உறவுகளுக்கும் இடையிலான முரண்பாட்டின் விளைவு. அலையை ஆழத்துக்குக் கொண்டு செல்லும் அறிவு இருந்தது; அதனைக் கொண்டு சேர்க்கும் சமூகத் தீர்மானம் இல்லை.

மூன்றாவது, எச்சரிக்கை தருவோரின் வர்க்க நிலை அவ்வெச்சரிக்கையின் வேகத்தை நிர்ணயிப்பதில் பங்கு வகிக்கிறது. கிரென்ஃபெல் குடியிருப்பாளர் சிலர், பேரழிவு நேர்ந்த பின்னரே தமது சொல் கேட்கப்படும் என 2016 நவம்பரிலேயே பகிரங்கமாக எழுதி எச்சரித்திருந்தனர். அவர்களுக்கு ‘த டைம்ஸ்’ பத்திரிகையின் கடிதப் பகுதி வாய்க்கவில்லை. அவ்வெச்சரிக்கை வானொலி பற்றியதன்று. கட்டடத்தை நிருவகித்தோரின் அசட்டை பற்றியது. ஆயினும் பொறிமுறை ஒன்றே. கீழிருந்து மேற்செல்லும் தடம் அடைபட்டிருந்தது.

ஆகவே, புதிய கருவிகளை வாங்குதல் இன்றியமையாததாயினும் அது மட்டும் போதியதன்று. எத்தடத்தில் எவ்வலுவுடன் பேசுவது என்பதை, அக்கருவியைப் புகையினுள் சுமந்து செல்லும் தீயணைப்புத் தொழிலாளரும், அவர்களை எதிர்நோக்கிக் கதவின் பின்னால் காத்திருக்கும் குடியிருப்பாளரும் கலந்து தீர்மானிக்கும் ஏற்பாடு வேண்டும். 1918 முதல் இயங்கிவரும் தீயணைப்பாளர் தொழிற்சங்கம் அவ்வேற்பாட்டில் உரிமையுள்ள பங்காளியாதல் வேண்டும். கேட்போரும் பேசக்கூடிய வானொலி என்பது 1932இல் ஒரு நாடகாசிரியரின் கலைக்கோரிக்கையாக ஒலித்திருக்கலாம். எரியும் கட்டடங்களின் வரலாற்றை நோக்குகையில் அது உயிர்வாழும் உரிமை பற்றிய கோரிக்கையே என்பது நமது முடிபு.